நாற்பது புள்ளி ஒன்று

உன் ரீடிங்கை மாற்றியது நான். சைலஜா இல்லை. இந்த இரண்டு வரியை முதலில் படித்துவிடு. மிச்சத்தைப் படிக்காமல் கிழித்தாலும் எனக்கு வருத்தமில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன் என்பதால் மிச்சமும் எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம் தடை முடிந்து அந்த ஆன்லைன் கல்லூரியில் நீ மறுபடி சேர்ந்தாய். பி.எஸ்சி. இயற்பியல், விட்ட இடத்திலிருந்து. முதலில் வந்ததே பழைய அசைன்மென்ட். தனி ஊசல். கூடவே ஒரு விளக்கப் படிவம். சென்ற முறை என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று கையால் எழுதி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் கெடு இன்று, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது நோட்டை என் கையில் கொடுத்தாய். "ம்மா, இந்தத் தடவ நோட்டு உங்கிட்டயே இருக்கட்டும். வேற எவ கைக்கும் போகக் கூடாது." நான் வாங்கிக்கொண்டேன். சிரித்தேன்கூட. படிவம் நோட்டுக்குள் மடித்து இருந்தது. "சைலஜா என்பவர் என் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, எனக்குத் தெரியாமல் என் அளவீடுகளை மாற்றிப் பதிவேற்றினார்." ஒரு அடித்தல் இல்லை. மனப்பாடம் செய்தவன் எழுதியதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணும் இப்போது திரும்பச் சேர்ந்திருக்கிறாள். இரண்டு பேர் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்களாம். உன்னுடையது இப்படியே போனால் அவள் பொய் சொன்னவள் ஆவாள். இந்த முறை தடை என்று ஒன்று கிடையாது. நீக்கம். இன்று ஐந்து மணிக்குள் தீர வேண்டிய விஷயம் இது ஒன்றுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நாலாம் வகுப்பில் ஒரு மொச்சை விதையைப் பஞ்சில் வைத்துப் பத்து நாள் உயரம் அளந்து எழுதச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் செடி செத்துவிட்டது. நீதான் தண்ணீரை ஊற்றி ஊற்றி அழுக வைத்தாய். அழுதாய். நான் பென்சிலை வாங்கி மிச்ச ஐந்து நாளையும் எழுதினேன். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டரை, பதினான்கு, பதினாறு. நீ அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாய். "செத்த செடி எப்படிம்மா வளரும்?" நான் சொன்னேன், "சாகாம இருந்தா வளந்திருக்கும்ல. அதத்தான் எழுதியிருக்கு." உனக்கு முதல் மார்க். டீச்சர் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். அந்த நட்சத்திரத்தை நீ பாதி வழியிலேயே பிய்த்துப் போட்டுவிட்டு வந்தாய். எதற்கு என்று நான் கேட்டு உன் தொடையில் ஒன்று வைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் அந்த ஐந்து எண்களும் எனக்குத் தப்பாகப் படவில்லை. அந்த எண்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செடி இல்லை, அவ்வளவுதான்.

நான் கம்பெனியில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தபோது அளந்தேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. புஷ் என்கிற உலோக வளையத்தின் உள்விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். மணிக்கு ஒரு தடவை ஐந்து உருப்படி எடுத்து அளந்து ஷீட்டில் எழுத வேண்டும். முதல் மாதம் ஒரு நாள் மூன்று உருப்படி எல்லைக்கு வெளியே போயிருந்தது. லைனை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். அந்த ஷிஃப்ட்டின் டார்கெட் போனது. கேன்டீனில் முனிராஜ் என்று ஒரு ஆபரேட்டர், தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். "என்ன சயின்டிஸ்ட் அக்கா, இன்னைக்கி சாம்பார்ல உப்பு எத்தன மைக்ரான்?" மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே தெரிந்துகொண்டேன். ஷிஃப்ட் தொடங்கியதும் எட்டு மணி நேரத்துக்கும் எழுதிவிடுவது. 25.01, 25.02, 25.01, 25.00, 25.02. ஒரே மாதிரி எழுதக் கூடாது. கொஞ்சம் ஆட விட வேண்டும். எவ்வளவு ஆட விட வேண்டும் என்பதுதான் வேலை. பக்கத்து லைனில் யாராவது லீவு என்றால் அவர்கள் ஷீட்டையும் நான்தான் எழுதுவேன். நாலு பேருடைய கையெழுத்து எனக்கு வரும். இருபத்தொரு வருடம். ஒரு புஷ்கூடத் திரும்பி வரவில்லை. மெஷின் நல்ல மெஷின். என்னால் இல்லை.

நீ ஐடிஐ முடித்து, அப்ரென்டிஸாக இருந்து, ஆபரேட்டர் ஆன பிறகு ஒரு நாள் உங்கள் கம்பெனியின் அளவை அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். ஏசி. கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். "ம்மா, அங்க ஒரு பொருள அளக்கறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் சும்மா வெச்சிர்றாங்க. அது ரூம் சூட்டுக்கு வரணுமாம்." கோயிலுக்குப் போய் வந்தவன் முகம். அந்த அறைக்குள் வேலைக்குப் போக டிகிரி வேண்டும். அதற்காகத்தான் அந்த ஆன்லைன் கோர்ஸ். அதில்தான் சைலஜா வந்தாள். ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண். மூக்கண்டப்பள்ளி விடுதியில் தங்கி வேறொரு கம்பெனியில் வேலை. கம்பெனிக்குள் போனால் போன் லாக்கரில். அதனால் உனக்கு மதிய ஷிஃப்ட் வரும் வாரம் அவள் உன் அசைன்மென்ட்டை ஏற்றுவாள், அவளுக்கு வரும் வாரம் நீ. உன் கடவுச்சொல் அவளிடம், அவளுடையது உன்னிடம். இந்த ஊரில் ஷிஃப்ட்டில் இருந்துகொண்டு படிக்கிற எல்லோரும் இப்படித்தான். அதையும் கல்லூரி குற்றம் என்று சொன்னபோது நீ வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டு வருடத்துக்கு முந்தின அந்தச் சனிக்கிழமை. அன்றும் கெடு ஐந்து மணி. நீ மதியம் இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டாய். நோட்டை மேசை மேல் வைத்து, "சைலு நாலு மணிக்கு வருவா, குடுத்துரும்மா" என்றாய். நான் நோட்டைத் திறந்தேன். அதற்கு முந்தின ஞாயிறு முழுவதும் நீ வராந்தாவில் துணிக்கொடிக் கொக்கியில் நூலைக் கட்டி, ஒரு நட்டைத் தொங்கவிட்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரையும் அந்தப் பக்கம் நடக்க விடவில்லை. காற்று வருகிறது என்று சாயங்காலம்வரை ஈரத்துணியோடு என்னை நிற்க வைத்தாய். அதெல்லாம் செய்து நீ எழுதியிருந்தது இது. இருபது அலைவுக்கு 40.6, 39.4, 41.1, 39.8, 40.9. இப்படி இருபது வரி. எனக்கு வெட்கமாக இருந்தது. என் லைனில் ஒரு புதுப் பையன் இப்படி ஷீட் எழுதினால் அவனை நிற்க வைத்துத் திட்டியிருப்பேன். அளக்கத் தெரியாதவன் எழுதியது. பின் பக்கத்தில் நீயே கணக்குப் போட்டு, சரியாக இருந்தால் நாற்பது புள்ளி ஒன்று வர வேண்டும் என்று எழுதி வட்டமிட்டிருந்தாய். விடை தெரிந்தும் தப்பாக எழுதி வைத்திருக்கிறானே என்று நினைத்தேன். மேலே கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கவில்லை. படித்தால் புரிந்திருக்கும். நான் பத்தாவது பாஸ்தான், ஆனால் அப்போதே பத்தொன்பது வருடமாக ஆங்கில ஷீட்டில்தான் வேலை. படிக்கத் தோன்றவில்லை. எண்களைப் பார்த்த பிறகு எனக்கு எழுத்து கண்ணில் படுவதில்லை.

பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த பக்கத்தில் உன் கையெழுத்தில் இருபது வரியும் எழுதினேன். 40.1, 40.2, 40.1, 40.0, 40.1. கொஞ்சம் ஆட விட்டேன். உன் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாய், அதையும் போட்டேன். கிழித்த தாளை அடுப்பில் வைத்தேன். பாலை ஏற்றினேன். பால் பொங்குவதற்குள், நாலு முப்பதுக்கு அவள் வந்தாள். பஸ் கிடைக்கவில்லை என்று ஓடி வந்திருந்தாள். "அத்தை, தண்ணி குடுங்க" என்றாள். அதுவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் கொடுத்தேன், பால் கொடுக்கவில்லை. நோட்டைக் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து போனில் படம் எடுத்து, ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏற்றிவிட்டுப் போனாள். போகும்போது, "இவ்ளோ நீட்டா எப்பவும் எழுத மாட்டானே" என்றாள். நான், "மனசு வச்சா எழுதுவான்" என்றேன். பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அன்று சாயங்காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். உனக்கு ஒரு வேலையைச் செய்து முடித்த சந்தோஷம். செடிக்குப் பிறகு அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவே இல்லை.

பத்து நாளில் அழைப்பு வந்தது. வீடியோவில் விசாரணை. நீ இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாய். நான் கேமராவுக்குத் தெரியாமல் சமையலறை வாசலில் நின்றேன். கல்லூரியிலிருந்து விசாரித்த மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தம்பி, ரீடிங் எவ்வளவு விலகுதுன்னுதான் கேள்வியே. உங்க கை, உங்க கண்ணு, காத்து, எல்லாம் சேந்து எவ்வளவு தப்பு வருதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னோம். தப்பே வரலன்னா என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?" பிறகு நீ ஞாயிற்றுக்கிழமையே சான்றுக்காகத் தனியாக அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். முதல் மூன்று ரீடிங். போனில் 40.6 தெரிகிறது, நோட்டில் 40.1. போனில் 39.4, நோட்டில் 40.2. நான் அழித்தது எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு மார்க் வாங்கித் தந்திருக்கக்கூடிய எண்கள் அவைதான். மோசமான எண்கள். நீ சொன்னாய், "மேடம், இது என்னோடது இல்ல." அவர் கேட்டார், "அப்ப யாரோடது?" நீ திரும்பி என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தாய். நான் வாசலிலிருந்து நாலு அடி எடுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும். கூடத்தைக் கடக்க நாலு அடிகூட வேண்டாம்.

விசாரணை முடிந்ததும் நீ என்னிடம் கேட்டாய். நான் மாற்றினேனா என்று கேட்கவில்லை. "அன்னைக்கி நோட்டு யார்கிட்டம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் சொன்னேன், "அவ கையிலதான் இருந்துச்சு. கூடத்துல இருபது நிமிஷம் தனியா உக்காந்திருந்தா. நான் உள்ள வேலையா இருந்தேன்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லைக்குள் இருக்கிற வார்த்தைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து பார்த்தாலும் தேறும். முந்தின செமஸ்டரில் அவள் ஒரு தடவை விளையாட்டாக, "ரீடிங்க அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போ, அரிச்சந்திரா" என்று உனக்கு அனுப்பியிருந்தாள். அதை நீயே எடுத்துக் காட்டினாய். எனக்கு வேலையே வைக்கவில்லை. அன்றே உட்கார்ந்து அவள் பெயரைப் போட்டுக் கல்லூரிக்கு எழுதினாய். அப்படியும் உனக்கு இரண்டு வருடத் தடை. அவளுக்கும் இரண்டு வருடம், உன் கணக்கில் நுழைந்ததற்கு. அவள் வேறு வீடு, வேறு சாதி, தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. உதவியாக இருந்தது. சாத்தூரிலிருந்து என் அண்ணன் போன் செய்தபோது, "அந்தப் பிள்ள சகவாசம் விட்டுச்சு" என்று சொன்னேன். அந்தக் குரல் எனக்கே கேட்டது.

உன் அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார், தெரியும். அந்த வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "நீதான?" என்றார். "என்னது?" என்றேன். தட்டை நகர்த்தி, "ரசம் ஊத்து" என்றார். இதைச் சொல்வது அவரையும் உள்ளே இழுக்க. நான் மட்டும் தனியாக நிற்க எனக்கு விருப்பமில்லை.

படிவத்தைப் படித்த பிறகு மூன்று நாள் சும்மா இருந்தேன். அவள் படிப்பை விட்டிருப்பாள், கல்யாணம்கூட ஆகியிருக்கும், அப்படியிருந்தால் நீ என்ன எழுதினாலும் யாருக்கும் சேதமில்லை என்று கணக்குப் போட்டேன். அதை உறுதி செய்துகொள்ளத்தான் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ராயக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைத்துவிடாதே. அவள் அப்பாவுக்குத் தக்காளி மண்டியில் ஒரு இடம் உண்டு என்று முன்னால் நீ சொன்னது நினைவிருந்தது. விசாரித்துப் போனேன். கொட்டகையின் பின்பக்கம் கவிழ்த்த தக்காளிக் கிரேட் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இன்னொரு கிரேட்டில் ஒரு டம்ளர் வெந்நீர், அதில் ஒரு தெர்மாமீட்டர், பக்கத்தில் போன், நோட்டு. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "வாங்க ஆன்ட்டி. வெளிச்சத்த மறைக்காம அப்டி உக்காருங்க" என்றாள். அத்தை போய்விட்டது.

"என்னம்மா பண்ற?" என்றேன்.

"தண்ணி ஆறுறதப் பாத்துக்கிட்டு இருக்கறன்." சிரித்தாள். "இதுக்கும் மார்க்கு குடுக்கறாங்க பாருங்க. எங்கப்பன் ஒரு மணி நேரமா நக்கல் பண்ணுது. சட்னு குடிச்சிட்டு வேலயப் பாரு புள்ளங்குது."

"திரும்பச் சேந்துட்டியா?"

"இருங்க." குனிந்து பார்த்தாள். "எழுபத்தி நாலர." எழுதினாள். "ஆமா, சேந்துட்டன். உங்க மகனும் சேந்துட்டானாமே?"

தெரிந்துகொள்ள வந்தது தெரிந்துவிட்டது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. "அன்னைக்கி அந்த நோட்டு..." என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"மை காயல ஆன்ட்டி. நீங்க குடுக்கறப்பவே கட்டவெரல்ல ஒட்டிக்கிச்சு. போன ஞாயித்துக்கெழம எழுதனது சனிக்கெழம வரைக்குமா ஈரமா இருக்கும்? எனக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் ஏத்துனன். மணி ஆயிருச்சு, பஸ்ஸு போயிரும்னு. அது என் தப்பு."

"அவங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலன்னு யாரு சொன்னாங்க?" அவள் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "விசாரண முடிஞ்ச மறுநாளே கம்பெனி கேட்டு முன்னாடி நின்னு சொன்னன். 'எங்கம்மா பத்தொம்பது வருசமா இன்ஸ்பெக்டரு, ரீடிங்ல கை வெப்பாங்களா'ன்னு கத்துனான். இன்ஸ்பெக்டருன்னாதான ஆன்ட்டி கை வெப்பாங்க? இருங்க. எழுபத்திரெண்டு."

கொட்டகையின் முன்பக்கமிருந்து அவள் அப்பா அங்கே வரச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். "ஏ சைலு! ரா இக்கட!" அவள் திரும்பி, "ஒஸ்தா நான்னா, ஒக நிமிஷம்!" என்று ஒரு நிமிடத்தில் வருவதாகக் குரல் கொடுத்தாள். அவர் விடவில்லை, ஏதோ கேட்டார், இவள் ஏதோ பதில் சொன்னாள். திரும்பியபோது போனில் நிமிடம் தாண்டிவிட்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். அடுத்த நிமிடத்துக்குக் காத்திருந்து பார்த்தாள். அறுபத்தெட்டு. எழுதினாள்.

என் வாய் தானாகச் சொன்னது. "எதுக்கு கோடு போடுற? மின்ன எழுபத்திரெண்டு, பின்ன அறுபத்தெட்டு. நடுவுல எழுபதுன்னு எழுதிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எழுபதாத்தான் இருந்திருக்கும்" என்றாள். "ஆனா நான் பாக்கல."

சொல்லிவிட்டு அடுத்த நிமிடத்துக்குக் குனிந்துகொண்டாள். எனக்குப் புத்தி சொன்ன மாதிரியெல்லாம் இல்லை, வேலையைப் பார்த்தாள். இரண்டு படிவத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று அவள்தான் சொன்னாள். "நான் உள்ளத எழுதிட்டன். அவன் பாஸ்வேர்டு குடுத்தான், நான் ஏத்துனன், மை காயாம இருந்துச்சு. உங்க பேரு எழுதல." ஏன் என்று கேட்டேன். "நீங்க மாத்துனத நான் கண்ணால பாத்தனா?" என்றாள். உன்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். இதை உனக்கு அப்படியே தருகிறேன், குறைக்கவில்லை, கூட்டவில்லை. "ஒண்ணும் வேணாம். எனக்கு டிகிரிதான் வேணும். அவன் வேணாம்."

இப்போது உன்னைப் பற்றி. நீ இதுவரை படித்துவிட்டு, அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பாய். அது உனக்கு வசதி. அவள் உன்னிடம் சொன்னாள். கம்பெனி கேட் வாசலில், பகலில், உன் முகத்துக்கு நேராக. அன்று வீட்டுக்கு வந்து நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. செத்த செடி எப்படி வளரும் என்று கேட்ட பிள்ளை நீ. எண்களில் நான் கை வைப்பேன் என்று இந்த உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நீ. அம்மாவைச் சந்தேகப்படுவதைவிட அந்தப் பெண்ணைத் தொலைப்பது உனக்கு லேசாக இருந்தது. தொலைத்தாய். நான் சொன்னது ஒரு வாக்கியம். அதை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டது நீ. இந்த வாரமும் போட்டிருக்கிறாய்.

வியாழக்கிழமை திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத்தாளை எடுத்து, உன் படிவத்தை உண்மையாக எழுதினேன். உன் கையெழுத்தில். நடந்தது எல்லாம் இருந்தது, ஒரு அட்சரம் பொய்யில்லை. மடித்து நோட்டுக்குள் வைத்து, உன் பழைய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புவரை போய்விட்டேன். நீ அவசரத்தில் பார்க்காமல் ஸ்கேன் செய்துவிடுவாய், அந்தப் பெண் தப்பித்துவிடுவாள், நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை. அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. நான் எழுதியதை எரித்தேன். உன்னுடையது நோட்டுக்குள் அப்படியே இருக்கிறது. இந்த முறை நீ எடுத்த இருபது ரீடிங்கும் அப்படியே இருக்கின்றன. பதினாலாவது வரியில் 41.3 என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக் கை அரித்தது. விட்டுவிட்டேன். உனக்காக நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாக இருக்கலாம்.

நோட்டுக்கு அடியில் என் கையெழுத்தில், என் சொந்தக் கையெழுத்தில், மூன்று பக்கம் இருக்கிறது. மாற்றியது நான், அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தமில்லை, என் மகனுக்கு அப்போது தெரியாது என்று எழுதியிருக்கிறேன். எப்படி உன் கையெழுத்து எனக்கு வரும் என்று விளக்க வேண்டியிருந்தது. அதற்கு என் வேலையைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அதை ஏற்ற உன் கணக்கில்தான் முடியும், உன் விளக்கத்தோடுதான் முடியும். கடவுச்சொல் எனக்குத் தெரியும், நீ இன்னும் மாற்றவில்லை. தொடமாட்டேன்.

நீ இதை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கேட்காதே. உன் கடவுச்சொல்லைக் கொடுத்ததை நீயே ஒப்புக்கொண்டதாக ஆகும். பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல் ஒருத்தி மேல் எழுதிக் கொடுத்ததும் ஆகும். உன்னை மறுபடி தள்ளி வைக்கலாம். கண்ணாடிக் கதவு போட்ட அந்த அறை உனக்குக் கிடைக்காமலே போகலாம். அவளும் திரும்பி வரமாட்டாள், நன்றிகூடச் சொல்லமாட்டாள், உன்னிடமிருந்து அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை. ஏற்றாவிட்டால் உனக்கு டிகிரி கிடைத்துவிடும். அறையும் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து நீ அளக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் கீழே கையெழுத்துப் போடுவாய், நன்றாகவே போடுவாய். உனக்கு அது வரும். என் மகன்தானே. எது சரி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீ எனக்காகச் செய்ததாக ஆகிவிடும். வாழ்க்கை முழுக்க உன் வெற்றுக் கட்டங்களை நானே எழுதியிருக்கிறேன். போதும்.

இன்று உனக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வந்துவிடுவாய். ஐந்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான் வீட்டில் இருக்கமாட்டேன், போனையும் எடுக்கமாட்டேன். உன் அப்பா பஸ்ஸில் இருப்பார், அவரைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. சாப்பிட்டுவிட்டு இதையெல்லாம் யோசிக்கலாம் என்று உனக்குத் தோன்றும். சாப்பிட்டால் படுப்பாய். படுத்தால் ஐந்து மணி தாண்டிவிடும், பிறகு தூங்கிவிட்டேன் என்று சொல்வாய், அதை நானும் நம்புவேன். அதனால் இன்று சோறு ஆக்கவில்லை.